முத்தம்மாள் என்று யாரும் இல்லை

முத்தம்மாள் என்று எங்கள் ஊரில் யாரும் இல்லை. காலேஜ் கண்காட்சியில் வைத்த அந்த அட்டையில் இருக்கும் முகம் அழகுத்தாயுடையது. வயது ஐம்பத்தைந்து அல்ல, நாற்பத்து மூன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அல்ல; பத்தாம் வகுப்பில் ஐந்நூற்றுக்கு நானூற்று ஒன்று வாங்கியவர். 'வலியில்லாத ஒரே ஒரு நாள்' என்பது அவருடைய கனவும் அல்ல. அவர் கனவு என்னவென்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த அட்டையை எழுதியவனே நான்தான்.

அதனால் இப்போது சரியாக எழுதுகிறேன்.

அழகுத்தாய் எனக்குச் சித்தி முறை. பசுவந்தனைக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில், பஸ் நிற்கிற இடத்தில் பெயர்ப்பலகை கூட இல்லாத ஊர் எங்களுடையது. ஆடு மேய்க்கிற குடும்பங்கள். மழை பெய்தால் மிளகாயும் கம்பும். சித்தி பத்தாவது முடித்த வருஷம் பதினொன்றாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும், காலையில் பஸ் கிடையாது. அவருடைய அப்பா "பொட்டப்பிள்ளை படிச்சது போதும்" என்றார். சித்தி மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாவது நாள் சாப்பிட்டுவிட்டு, புதியம்புத்தூர் ரெடிமேட் கம்பெனி வேனில் ஏறினார். "படிக்கப் போவதற்கு பஸ் இல்லை, தைக்கப் போவதற்கு மட்டும் வேன் வாசலுக்கு வருதாக்கும்" என்று அன்றைக்கு வேனுக்குள் அவர் சொன்னதை, கூடப் போன என் அம்மா ராதாமணி இன்றைக்கும் சொல்வாள்.

அங்கே பதினொரு வருஷம். சித்தியுடைய வேலை நைட்டிக்குக் கழுத்து வைப்பது. வட்டக் கழுத்து எல்லோருக்கும் வராது. துணி சுருங்கும், பட்டி திரும்பும். சித்தி வைத்தால் கிண்ணத்தின் வாய் மாதிரி உட்காரும். கல்யாணம் ஆகி, கண்ணுசாமி சித்தப்பா ஆட்டோடு ஆடாக அலைந்துகொண்டிருந்த காலத்திலும் சித்தி மிஷினை விடவில்லை. விட்டது ஒரு கோபத்தில். கம்பெனியில் புதிதாக வந்த சூப்பர்வைசர், யார் எத்தனை தடவை பாத்ரூம் போகிறார்கள் என்று சுவரில் கோடு போட ஆரம்பித்தான். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் பெயருக்கு நேரே ஆறு கோடு. எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாக வாசித்தான். அன்றைக்கு மத்தியானத்துக்குள் சித்தி நாற்பது நைட்டிக்குக் கழுத்தை வாயோடு வாய் சேர்த்து மூடித் தைத்தார். நாற்பதிலும் தலை நுழையாது. மடித்து அடுக்கி, கத்தரிக்கோலை மேலே வைத்துவிட்டு வேனுக்குக் காத்திராமல் நடந்தே வந்துவிட்டார்.

பிறகு மிளகாய்க் காடு.

மிளகாய்ப் பழம் எடுப்பது எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கொரு வரிசைச் செடி. அதற்குப் பெயர் நிரை. எல்லோரும் ஒன்றுபோல முன்னேற வேண்டும். ஒருத்தி நின்றால் நிரை உடையும், பின்னால் தங்கியவளுடைய செடியை மற்றவர்கள் எடுக்க வேண்டிவரும். அதனால் தண்ணீர் குடிக்கக்கூட யாரும் தனியாக நிற்பதில்லை. பழத்தைக் காம்போடு எடுக்க வேண்டும். காம்பு போனால் காயும்போது பூஞ்சை பிடிக்கும், காட்டுக்காரர் திட்டுவார். எடுத்த பழத்தைச் சேலை மடியில் போட்டு, மடி நிறைந்ததும் சாக்கில் கொட்டி, சாக்கைத் தலையில் ஏற்றிக் களத்துக்குக் கொண்டுபோவார்கள். நாள் பூராவும் மடியின் கனம் இடுப்பை முன்னால் இழுக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன் சித்திக்குக் கோவில்பட்டியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கனம் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். அடுத்த மாசி வந்தபோது சித்தி ஒரு பையோடு காட்டுக்கு வந்தார். உடைந்த பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை மட்டும் வட்டமாக அறுத்து, கோணி ஊசியைக் காய்ச்சி அதில் சுற்றி ஓட்டை போட்டு, யூரியா சாக்கைக் கோர்த்துத் தைத்திருந்தார். வாய் எப்போதும் திறந்தே இருக்கும். தோளில் ஒரு வார், இடுப்பில் ஒரு வார். கனம் பக்கவாட்டில் நிற்கும். பையின் அடியில்தான் சூட்சுமம். அடி தைக்கப்படவில்லை. பாவாடை நாடா மாதிரி சுருக்குப் போட்டுக் கட்டியிருந்தார். பை நிறைந்ததும் களத்தில் நின்று நாடாவை இழுத்தால் பழம் காலடியில் கொட்டிவிடும். தூக்க வேண்டாம், கவிழ்க்க வேண்டாம், காம்பு ஒடியாது.

"இது என்னட்டி, கொடத்தக் கட்டிக்கிட்டு அலையுதே?" என்று எல்லோரும் சிரித்தார்கள். என் அம்மாதான் ரொம்பச் சிரித்தாள். அடுத்த வருஷம் நிரையில் ஏழு பேர் இடுப்பிலும் குடத்தின் வாய் இருந்தது. சிவப்பு, பச்சை, நீலம். எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்தவர் சித்தி. ஒன்றும் வாங்கவில்லை. "உடைஞ்ச கொடத்த மட்டும் கொண்டா, நல்ல கொடத்த அறுத்துட்டு வந்து நிக்காத" என்றார். ஒருத்தி அப்படித்தான் செய்து மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இனி நான். என் பெயர் ஹரிகிருஷ்ணன். எங்கள் தெருவில் முதல் டிகிரி நான்தான். தாலுகா ஆபீசில் வாங்கிய முதல் பட்டதாரி சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள். கோவில்பட்டிப் பக்கம் மெக்கானிக்கல் முடித்தேன். நுழைவுத் தேர்வு எழுதி, வடக்கே பெரிய ஊர் ஒன்றில் பொருள் வடிவமைப்பில் எம்.டெஸ். சேர்ந்தேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அங்கே என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருடைய அப்பாக்கள் ஆர்க்கிடெக்ட்டுகள். என் அப்பா ஆட்டுக்குக் காது குத்துவார்.

முதல் வருஷ மாசியில் புராஜெக்டுக்காக ஊருக்கு வந்தேன். மிளகாய் எடுக்கிற பெண்களுக்கென்று நான் செய்து கொண்டுவந்தது ஒரு குட்டி ஸ்டூல். கீழே நாலு சக்கரம். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பழம் எடுக்கலாம் என்று எண்ணம். கரிசல் காட்டில் பிறந்தவன் நான். விடியக்காலைப் பனி ஈரத்தில் அந்த மண் சக்கரத்தை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அங்கே ஏசி அறையில் வரைந்தபோது மறந்துபோனது. பத்தடி தாண்டவில்லை. நாலு சக்கரமும் நாலு மண்ணுருண்டையாகி நின்றன.

"உக்காந்து பழம் எடுக்கச் சொல்லுதான் பாரு" என்றார் சித்தி. "கல்யாண வீட்டுப் பந்தியாலே இது? எந்திரிச்சுப் போயி அந்தச் சக்கரத்த வழி. அப்புறமா காஞ்சு கல்லாப் போயிரும்."

நான் சக்கரத்தை வழித்துக்கொண்டிருக்கும்போதுதான் அவர் நாடாவை இழுத்துப் பழத்தைக் கொட்டுவதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது. போட்டோ எடுத்தேன், வீடியோ எடுத்தேன், அளவெடுத்தேன். கிளம்பும்போது ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் அடியில் கையெழுத்துக்குக் கோடு இல்லை. கட்டைவிரல் ரேகைக்கு ஒரு கட்டம் மட்டும். நான் கோவில்பட்டியில் வாங்கிய மைப்பெட்டியோடு நிரையில் ஓடினேன். நிரை நிற்காதே. நடக்க நடக்க ஒவ்வொருத்தியாக இடது கையை நீட்டினார்கள். சித்தியும் வலது கையால் பழம் பறித்தபடியே நீட்டினார்.

"எதுக்குலே இது?"

"சும்மா காலேஜுக்கு, சித்தி."

இதை எழுதும்போது கை கூசுகிறது. என்னைவிடப் பன்னிரண்டு மார்க் கூட வாங்கியவருடைய விரலை நான் மையில் அமுக்கினேன்.

பையை நான் மறுபடி செய்தேன். குடத்தின் வாய்க்குப் பதில் அலுமினிய வளையம், சாக்குக்குப் பதில் கேன்வாஸ், நாடாவுக்குப் பதில் ஒரு கொக்கி. எல்லோருக்கும் பிடித்தது அடி திறக்கிற அந்த விஷயம். 'பிரமாதம்' என்றார்கள். என் வழிகாட்டி, மேடம் என்றுதான் கூப்பிடுவோம், அரையாண்டுக் கண்காட்சிக்கு ஒரு 'பர்சோனா' அட்டை வேண்டும் என்றார். பொருளைப் பயன்படுத்தப் போகிற ஆளைப் பற்றிய அட்டை அது. போட்டோ, பெயர், வயது, கஷ்டம், கனவு. உண்மைப் பெயர் போடக்கூடாது என்பது விதி. நான் முத்தம்மாள் என்று போட்டேன். 'இன்னும் கொஞ்சம் அழுத்தமாக' என்றார் மேடம். வயதை ஏற்றினேன். படிப்பை எடுத்தேன். கனவை எழுதினேன். இப்போது அட்டை நன்றாக இருந்தது. கீழே வடிவமைப்பு என்று என் பெயர். காலேஜ்காரர்கள் அதைப் படம் எடுத்து அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டார்கள்.

இரண்டாம் வருஷ மாசியில் கடைசிச் சோதனைக்காகப் பையோடு மறுபடி ஊருக்கு வந்தேன். வைகாசியில் இறுதித் தேர்வு. பையை மாட்டிக்கொண்டு ஏழு பேர் ஒரு நாள் வேலை செய்கிற வீடியோ இருந்தால்தான் தேர்வுக்குள்ளேயே விடுவார்கள். காட்டுக்குப் போனேன். நிரை நின்றுகொண்டிருந்தது. நான் என் வாழ்நாளில் நிரை நின்று பார்த்ததில்லை.

சித்தி நடுவில் நின்றார். கையில், லீவுக்கு வந்திருந்த மகள் பொன்மணியின் போன்; அதில் என் அட்டை. பொன்மணி கோவில்பட்டியில் காலேஜ் படிக்கிறாள். ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு.

"ஏலே, இங்கன வா. இது யாரு?"

"சித்தி, அது வந்து..."

"யாருன்னு கேக்குதேன்."

"நீங்கதான் சித்தி."

"நான்னா எம்பேரு எங்கலே? எம்மூஞ்சிக்கு எவ பேர வச்சிருக்க? அம்பத்தஞ்சு வயசாம்! உங்க அம்மைக்கே அம்பது ஆகல."

"அவன எதுக்கு வையுதே, காலேஜ்ல சொன்னதச் செஞ்சிருக்கான்" என்றாள் என் அம்மா.

"நீ சும்மா கெட யக்கா. காலேஜ்ல சொன்னா இவனுக்கு எங்க போச்சு புத்தி? படிக்காதவளாம்லே நான். ஏலே, நீ பத்தாங்கிளாஸ்ல எவ்வளவு?"

நான் கையிலிருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தேன்.

"சொல்லுலே, எல்லாரும் கேக்கட்டும்."

"முன்னூத்தி எம்பத்தொம்பது."

நிரையில் யாரோ சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை.

"பைய யாரு செஞ்சா?"

"நீங்க."

"கீழ யாரு பேரு போட்டிருக்கு?"

நான் விதிகளைச் சொன்னேன். பெயரை மறைப்பது அவர் பாதுகாப்புக்கு என்றேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் அவர் முகம், பல் தெரிய, நெற்றி வேர்வையோடு, கை அகலத்துக்கு இருந்தது.

"மூஞ்சிய ஊருக்கெல்லாம் காட்டிட்டு பேர மட்டும் மறைச்சா அது என்ன பாதுகாப்பு? மறைக்கணும்னா மூஞ்சிய மறைச்சிருக்கணும். இல்லன்னா ரெண்டையும் போடு." போனை இடுப்பில் செருகினார். "எம்பேரு போடாம ஒம்பைய இங்கன எவளும் தொட மாட்டா. நான் கைநாட்டு வச்ச அந்தப் பேப்பரயும் திரும்பக் கொண்டா. ஏட்டி, நடங்க."

நிரை நடந்தது. என் ஏழு பைகளும் வரப்பில் கிடந்தன. அம்மாவும் ஒன்றை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் அந்தச் சாயங்காலம் அவர் பேசிய ஒவ்வொரு வார்த்தையிலும் எனக்கு ரத்தம் கொதித்தது. "பயனாளி பயனாளிதான், வடிவமைப்பாளர் ஆக முடியாது" என்றார். "அவர்கள் செய்தது ஒரு சமாளிப்பு, நீ செய்தது வடிவமைப்பு" என்றார். "ஊர்க்காரர்களோடு ரொம்ப ஒட்டாதே" என்றார். ஊர்க்காரர்கள் யார் மேடம், நான் யார் என்று கேட்டேன். அவர் அதை விட்டுவிட்டார். பிறகு, உண்மைப் பெயர் வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரே எழுதிக் கேட்க வேண்டும், அப்படி ஒரு விதி இருக்கிறது என்றார். எழுதத் தெரிந்தால் என்று சேர்த்துக்கொண்டார். எழுதத் தெரியாது என்று அவரிடம் சொன்னது யார்? என் அட்டைதான்.

சித்தி எழுதினார். அடுப்பு வேலை முடித்து, பொன்மணியின் நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, ஒரே மூச்சில்.

'ஐயா, அம்மா. என் பெயர் அழகுத்தாய். க/பெ கண்ணுசாமி. உங்கள் போட்டோவில் இருப்பது நான். முத்தம்மாள் யாரென்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்தப் பையை நான் செய்தேன். எனக்கு ஆபரேஷன் ஆகியிருந்ததால் செய்தேன். நைட்டிக்குக் கழுத்து வைக்கத் தெரிந்ததால் செய்ய முடிந்தது. இரக்கப்பட்டு யாரும் சொல்லித் தரவில்லை. ஹரிகிருஷ்ணன் அதைத் திருத்தியிருக்கிறான். தோள்வாரை அகலமாக்கியது நல்லது. கொக்கி நல்லதில்லை, மண் ஏறினால் திறக்காது, நாடாவே போதும். இதையும் எழுதிக்கொள்ளவும். என் பெயர், வயது, படிப்பு மூன்றையும் சரியாகப் போடவும். என் கனவு என்னவென்று நீங்கள் எழுத வேண்டாம். அது உங்களுக்குத் தேவையில்லை. போடாவிட்டால் என் முகத்தை எடுத்துவிடவும்.'

நான் ஆங்கிலத்தில் மாற்றி அனுப்பினேன். தொனியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று பதில் வந்தது. மாட்டேன் என்றேன். அடுத்த பதில் அதைவிட மோசம். கடிதத்தை எழுதியவர் அதன் பொருளை உணர்ந்துதான் எழுதினார் என்று ஒரு அதிகாரி சான்று தர வேண்டுமாம். ரேகை வைத்தபோது பொருள் உணர்ந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டால் சான்று வேண்டும்.

இதைச் சித்தியிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் சுற்றினேன். சொன்னபோது அவர் எழுந்து உள்ளே போனார். டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்தாம் வகுப்பு மார்க் லிஸ்டை எடுத்துவந்தார். தமிழ் எண்பத்தெட்டு. கணக்கு தொண்ணூற்றிரண்டு.

"ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. இதவிடப் பெரிய அதிகாரி எவனும் எனக்கு இல்லன்னு சொல்லு."

அப்படியே சொல்லி அனுப்பினேன். நாலு நாள் கழித்து, சரி என்று ஒரே வரியில் பதில். நான் தமிழில் ஒரு படிவம் தட்டி, கையெழுத்துக்குக் கோடு போட்டு எடுத்துப்போனேன். ஏழு பேரில் ஐந்து பேர் காலையிலேயே, நிரையில் ஏறுமுன், நின்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். மற்ற இரண்டு பேருக்குச் சித்தி வாசித்துக் காட்டினார். அவர்கள் ரேகைதான் வைத்தார்கள், ஆனால் கேள்வி கேட்டுவிட்டு வைத்தார்கள். சித்தி கையெழுத்துப் போட்டு, பழைய ஆங்கிலப் படிவத்தை வாங்கி நாலாகக் கிழித்து, வரப்போரம் புதைத்தார். கொக்கிகளையெல்லாம் பிடுங்கிவிட்டு நாடா கோர்த்த பிறகுதான் பையைத் தொட்டார்.

வைகாசித் தேர்வில் புதிய அட்டையை ஒட்டினேன். 'அழகுத்தாய், 43, பத்தாம் வகுப்பு 401, முன்னாள் தையற்காரர், இந்தப் பையின் முதல் வடிவமைப்பாளர்.' கனவு என்ற இடம் காலி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "அப்படியானால் இதில் நீ என்னதான் செய்தாய்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தோள்வாரின் அகலம், வளையத்தின் மூன்று அளவு, ஏழு பேரிடம் சோதித்த கணக்கு, என் கொக்கி ஏன் தோற்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கிரேடு குறைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் எம்.டெஸ். கிடைத்தது. அதுவும் இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

காலேஜின் இணையப் பக்கத்தில் அந்தப் பழைய அட்டையின் படம் இன்னும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி ஐந்து கடிதம் போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது.' அதைப் பதினாலாயிரம் பேர் விரும்பியிருக்கிறார்கள். கீழே கைகூப்பிய பொம்மைகள், கண்ணீர் பொம்மைகள், பாவம் பாவம் என்று பத்து மொழியில்.

ஞாயிற்றுக்கிழமை பொன்மணி ஊருக்கு வருவாள். சித்தி போனை வாங்கி, அந்தப் படத்தின் கீழே தானே தட்டுகிறார், ஒற்றை விரலால், தமிழில்: 'இது முத்தம்மாள் இல்லை. நான் அழகுத்தாய். பை நான் செய்தது.' திங்கட்கிழமை அதை அவர்கள் நீக்கிவிடுகிறார்கள். அடுத்த ஞாயிறு மறுபடி போடுகிறார்.

போன ஞாயிறு நானும் பக்கத்தில் இருந்தேன். அது பதினேழாவது தடவை.

"சித்தி, அழிச்சிருவானுவ. எதுக்குத் திரும்பத் திரும்ப?"

அவர் நிமிரவில்லை. 'ழ' எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அழிக்கிறவனுக்குச் சம்பளம் குடுக்குதாங்கல்ல? வேல செய்யட்டும்."